வீரய்யாவுக்கு எத்தனை புளொக்?

வீரய்யா முதல் தடவை விழுந்தது கண்டி சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால், ஒரு கழிவுநீர்க் கான் ஓரத்தில். மழை விட்டு வெயில் வந்திருந்த காலை. மூடியைப் புரட்டி வைத்துவிட்டு இரண்டு பேர் உள்ளே நீளக் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள். மேலே நின்றபடி, "இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்க, அங்கனதான் நிக்கிது" என்று சொல்லிக்கொண்டிருந்த வீரய்யா, அந்தப் பேச்சின் நடுவிலேயே பக்கவாட்டில் சாய்ந்தார். பக்கத்தில் நின்ற நடராஜா தோளைப் பிடித்திராவிட்டால் தலை கல்லில் பட்டிருக்கும்.

தரையில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளிப்பதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து, "ஏன் எல்லாரும் என்னையவே பாக்குறீங்க, கம்பிய விடுங்க" என்றார். தான் விழுந்ததே அவருக்குத் தெரியாது. நடராஜா அவரோடு பல வருடம் வேலை செய்தவர். பேச்சுக்கு இடம் கொடுக்காமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

வீரய்யா பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். மீசை முளைக்கும் வயதில் மாமா ஒருவரைப் பிடித்துக்கொண்டு டவுனுக்கு வந்து, மாநகரசபையில் கான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். இறங்கி அள்ளுகிறவராகத் தொடங்கி, இப்போது மேலே நின்று வேலை சொல்கிறவராக ஆகியிருந்தார். குடியிருப்பது கட்டுகஸ்தோட்டையில், ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வாடகை வீடு. மனைவி பாலாம்பிகை வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். ஒரே மகள் துஷ்யந்தி கல்யாணமாகி பிலிமத்தலாவையில் இருக்கிறாள். அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை.

அவருடைய வேலை நாளில் அதிகம் அடிபடும் சொல் 'புளொக்'. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஹோட்டல் முதலாளி போன் எடுப்பார்: கான் புளொக். பள்ளிக்கூட அதிபர் போன் எடுப்பார்: மலசலகூடம் புளொக். வீரய்யா போய்ப் பார்த்தால் உள்ளே பொலித்தீன் இருக்கும், பழந்துணி இருக்கும், ஒரு முறை முழுத் தலையணையே இருந்தது. புளொக் என்றால் உள்ளே ஏதோ ஒரு சாமான் நிற்கிறது, அதை எடுத்துப் போட்டால் தண்ணீர் ஓடும். இத்தனை வருடத்தில் வேறு விதமான புளொக்கை அவர் கண்டதில்லை.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் அந்த இளம் டொக்டர் ஈசிஜி தாளைப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஹார்ட் புளொக். செகண்ட் டிகிரி" என்று சொன்னபோது வீரய்யா பயந்தாலும் குழம்பவில்லை. நன்றாக விளங்கிவிட்டதாகவே நினைத்தார். நெஞ்சுக்குள் புளொக். செகண்ட் என்றால் இரண்டு. ஆக, இரண்டு புளொக்.

நடராஜா வெளியே வந்து பாலாம்பிகைக்குப் போன் எடுத்தார். "அண்ணி, பயப்படாதீங்க. அண்ணனுக்கு புளொக்காம்."

பாலாம்பிகை தையல் மெசினை நிறுத்தினார். திகனைப் பக்கம் காணி பிரித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு புளொக்காவது வாங்க வேண்டும் என்று அவர்கள் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

"எந்தப் பக்கம்? ரோட்டோரமா?" என்றார்.

நடராஜாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "நெஞ்சுல அண்ணி" என்றார் மெதுவாக.

ஆஸ்பத்திரி வோட்டில் வீரய்யாவின் நெஞ்சில் வயர்களை ஒட்டி, தலைமாட்டில் ஒரு திரையில் கோடு ஓட விட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அக்குறணையைச் சேர்ந்த அம்ஜத் நானா. பாத்திரக் கடை வைத்திருப்பவர். நல்ல உயரம், நல்ல குரல், யாரோடும் உடனே பழகிவிடுவார்.

"உங்களுக்கு எத்தின புளொக்?" என்று கேட்டார்.

"ரெண்டுன்னு சொன்னாங்க."

"எனக்கு மூணு ஈக்கி" என்றார் அம்ஜத் நானா. அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "கொழுப்புதான். குழாயில போய் ஒட்டிக்கொண்டு நிக்கிது. பாருங்க, நான் ஒரு மருந்து செல்லுறேன். வெள்ளப்பூடு, இஞ்சி, தேசிக்காய்ச் சாறு, வினாகிரி. நல்லாக் காய்ச்சி, ஆறினாப் பொறகு தேன் ஊத்தணும். எங்கட மச்சான் அதக் குடிச்சித்தான் தப்பின."

வீரய்யாவுக்கு இது உடனே பிடித்துப் போனது. கொழுப்பு ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். ஹோட்டல் கான்களில் அவர் பார்க்காத கொழுப்பா? கொதிநீர் ஊற்றி, சோடாக்காரம் போட்டு, எத்தனை இடத்தில் கரைத்து விட்டிருக்கிறார். நெஞ்சு மட்டும் என்ன வேறு சாமானா?

அம்ஜத் நானாவின் மனைவி றமீஸா பிளாஸ்கில் கொண்டு வரும் கஷாயத்தை இருவரும் பங்கு போட்டுக் குடித்தார்கள். வோட்டு முழுக்க வெள்ளைப்பூடு மணத்தது. பாலாம்பிகையும் வீட்டில் காய்ச்சத் தொடங்கினார். கணவர் மருந்தென்று எதையும் இவ்வளவு விருப்பத்தோடு குடித்ததை அவர் கண்டதில்லை.

சில நாட்கள் கழித்து வீரய்யாவின் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயொன்றை உள்ளே விட்டு, நெஞ்சுக் குழாய்களைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். படம் பார்த்த பெரிய டொக்டர் அவருடைய தோளில் தட்டி, சிங்களத்தில், "குழாயெல்லாம் சுத்தமாக இருக்கிறது. புளொக் ஒன்றுமே இல்லை" என்றார்.

கட்டிலில் படுத்திருந்த வீரய்யாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. வோட்டுக்குத் திரும்பியதும் முதலில் அம்ஜத் நானாவிடம்தான் சொன்னார்.

"கரைஞ்சிருச்சு நானா. ரெண்டும் கரைஞ்சிருச்சு."

அம்ஜத் நானா கையை உயர்த்தி இறைவனுக்கு நன்றி சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் அதற்கு முதல் நாள்தான் அதே படத்தை மறுபடி எடுத்திருந்தார்கள். அவருடைய மூன்று புளொக்கும் அப்படியே இருந்தன.

மறுநாள் காலை இளம் டொக்டர் வந்தார். "அங்கிள், உங்களுடைய ஹார்ட் புளொக்குக்கு மெசின் ஒன்று வைக்க வேண்டும். தோளுக்குக் கீழே, தோலுக்கு உள்ளே. இந்தக் கிழமையே செய்யலாம்" என்றார் சிங்களத்தில்.

வீரய்யாவும் சிங்களத்திலேயே கேட்டார். "நேற்று பெரிய டொக்டர் புளொக் இல்லை என்றாரே?"

"அது ஆட்டரிக் குழாயில். இது ஹார்ட் புளொக்."

"நேற்றும் ஹார்ட்டைத்தானே பார்த்தார்கள்?"

டொக்டர் இரண்டு கைகளையும் மேலும் கீழுமாக வைத்து விளக்கத் தொடங்கினார். மேல் அறை, கீழ் அறை, சிக்னல், டிலே என்று பாதி சிங்களமும் பாதி ஆங்கிலமுமாக வந்தது. வீரய்யா கவனமாகத்தான் கேட்டார். நடுவில் வேறொரு கட்டிலில் யாருக்கோ மூச்சுத் திணறியது, டொக்டர் ஓடிவிட்டார். அந்த மேல் கையும் கீழ் கையும் என்ன ஆயின என்று வீரய்யாவுக்கு முடிவு தெரியவில்லை.

அன்று முழுக்க யோசித்தார். ஒருவர் இல்லை என்கிறார், ஒருவர் இருக்கிறது என்கிறார். இல்லை என்றவர் தலை நரைத்தவர், உள்ளே விட்டுப் பார்த்தவர். இருக்கிறது என்றவர் நேற்றுப் படித்து முடித்தவர், தாளைப் பார்த்துச் சொல்கிறவர். கானுக்குள் ஆள் இறங்கிப் பார்த்துவிட்டு சுத்தம் என்று சொன்ன பிறகு, மேலே நிற்கிறவன் வரைபடத்தைக் காட்டிப் புளொக் என்றால் யாரை நம்புவது? சொந்த விருப்பத்தில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

துஷ்யந்திக்கு இது அன்று மாலையே தெரிந்துவிட்டது. பஸ் பிடித்து வந்து சத்தம் போட்டாள்.

"டொக்டர் வைக்கணும்னு சொன்னா வைக்கணும்ப்பா. நீங்களா எப்படி வருவீங்க?"

"புளொக்கே இல்லாத எடத்துல எதுக்கும்மா மெசின்?"

"புளொக் இருக்குன்னுதானே மெசின் வைக்கச் சொல்றாங்க?"

"அது கரைஞ்சிருச்சு. உள்ள விட்டுப் பாத்துட்டாங்க."

துஷ்யந்தி போனில் தேடிப் பார்த்தாள். ஹார்ட் புளொக் என்று போட்டால் கொழுப்பு அடைத்த குழாய்ப் படமும் வந்தது, கோடு கோடாக ஈசிஜிப் படமும் வந்தது. ஒன்று எண்ணெய்ச் சாப்பாட்டை விடச் சொன்னது. இன்னொன்றில் மெசின் படம் இருந்தது. இரண்டும் ஒரே நோய் என்று நினைத்துப் படித்ததில் அவளும் குழம்பிப் போனாள். பயம் மட்டும் போகவில்லை. அதனால் பிலிமத்தலாவைக்குத் திரும்பிய பிறகும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, கடை மூடிய பிறகு ஒரு தடவை என்று போன் எடுத்து, மெசின் மெசின் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதற்கிடையில் அம்ஜத் நானாவும் போன் எடுத்தார். அவருக்குக் குழாய்க்குள் சின்னச் சுருள் வைத்து, புளொக்கைத் திறந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நல்ல சுகம். ஆனால் குரலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது.

"வீரய்யா, ஒண்டு கேக்கணும். நானும் அதேதானே குடிச்ச. உங்களுக்கு மட்டும் எப்பிடிக் கரைஞ்ச? வேற என்னமாச்சும் சேத்தீங்களா? மறைக்காமச் செல்லுங்க."

"ஒண்ணும் சேக்கல நானா. உங்க பிளாஸ்க்குலதானே நானும் குடிச்சேன்."

"அப்ப எப்பிடி?"

"தெரியலையே" என்றார் வீரய்யா. உண்மையிலேயே தெரியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குள் ஏதோ இடித்தது. ஆனால் இடிப்பது எது என்று பிடிபடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், அடுத்த கணம் பார்த்தால் கோப்பை தரையில் உடைந்து கிடந்தது. கை வழுக்கியிருக்கும் என்று நினைத்தார். டீவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது மழைச் செய்தி நடுவில் வெட்டுப்பட்டு கிரிக்கெட் வந்தது. தூங்கிப் போயிருக்கலாம். ஒரு நாள் குளியலறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. பச்சைத் தண்ணீர், வெறும் வயிறு, வேறென்ன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. கஷாயத்தை மட்டும் காலையும் மாலையுமாக ஆக்கினார். வேலைக்கு இன்னும் போகத் தொடங்கவில்லை. நடராஜா அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு மத்தியானம் துஷ்யந்தி போனில் அழுதுவிட்டாள். "நீங்க செத்துப்போனா அம்மாவ நான் என்கூட வச்சுக்குவேன். ஆனா உங்கள மன்னிக்கவே மாட்டேன்" என்றாள். வீரய்யா போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நடராஜா வந்தார்.

"நடராஜா, அந்த இன்சூரன்ஸ்காரன் போன் எடுத்துக்கிட்டே இருந்தானே, அவன எப்படி நிப்பாட்டுனோம்?"

"புளொக் பண்ணுனோம்ண்ணே. இப்படி அமுக்குனா போதும்."

"துஷ்யந்தி நம்பரையும் அமுக்கு."

நடராஜா அவரைப் பார்த்தார். "மகளயா?"

"ரெண்டு நாளைக்கு. காது வலிக்குது."

நடராஜா மனமில்லாமல் அமுக்கினார். ஆனால் அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. அடுத்த நாள் சந்தையில் பாலாம்பிகையைக் கண்டபோது சொல்லிவிட்டார். பாலாம்பிகைக்கு அது முழுதாக விளங்கவில்லை. போனில் ஒரு ஆளை எப்படி அடைக்க முடியும் என்று யோசித்தார். மகள் எடுத்தால் கிடைக்காது என்பது மட்டும் விளங்கியது. வீட்டுக்குக்கூட வராமல், சந்தைக்கு முன்னால் நின்றபடியே மகளுக்குப் போன் எடுத்தார். இவர் நின்ற இடத்தில் பஸ் சத்தம். அவள் நின்ற இடத்தில் யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"துஷ்யந்தி, கேக்குதா? அப்பா புளொக்…"

"என்னம்மா?"

"அப்பா புளொக் பண்ணிட்டாரும்மா. நடராஜா இப்பத்தான் சொன்னாரு. நீ எடுத்தாலும் இனிக் கிடைக்காதாம்."

அத்தோடு அவருடைய போனில் சார்ஜ் முடிந்தது.

துஷ்யந்தி கடை நடுவில் அப்படியே நின்றாள். அப்பா, புளொக், நடராஜா சொன்னார், இனிக் கிடைக்காது. முதல் நாள் அழுத பிறகு கோபத்தில் அவள் அப்பாவுக்குப் போன் எடுத்திருக்கவில்லை. இப்போது எடுத்தாள். போகவில்லை. திரும்ப எடுத்தாள். போகவில்லை. அம்மாவின் போனும் செத்திருந்தது. முதலாளியிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. வீதியைக் கடந்து கண்டிப் பஸ்ஸில் ஏறியதுதான் நினைவிருக்கிறது.

பேராதனைக்குக் கிட்ட பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் வாகனம், பின்னாலும் வாகனம். ஏன் போகவில்லை என்று அவள் கேட்டாள். "புளொக்" என்றார் கொண்டக்டர், யாருக்கும் எப்போதும் சொல்கிற பதிலைப் போல. துஷ்யந்தி முகத்தை ஷோலால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். கொண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "மிஸ், இப்ப போயிரும், கொஞ்ச நேரம்" என்று தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். துஷ்யந்தி அப்பா போய்விட்டதாகவே முடிவு செய்திருந்தாள். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும், அப்பாவுக்குக் கட்டிவிடப் புது வேட்டி இருக்கிறதா என்றுகூட யோசித்தாளாம். அதைப் பிறகு சொன்னபோது வெட்கப்பட்டாள்.

கண்டியில் பஸ் மாறி, கட்டுகஸ்தோட்டையில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது, வீரய்யா கதிரையில் உட்கார்ந்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாலாம்பிகை சந்தைப் பையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

துஷ்யந்தி வாசலில் நின்றாள்.

"என்னம்மா, வேலைக்குப் போகலியா?" என்றார் வீரய்யா.

"நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இதென்ன கேள்வி?"

"அம்மாதான் சொன்னாங்க, உங்களுக்கு புளொக்னு."

"அப்பாவுக்கு புளொக்குன்னு சொல்லல. உன்னைய புளொக்குன்னு சொன்னேன்" என்றார் பாலாம்பிகை.

"என்னையா? எனக்கு என்ன?"

அப்பா தன் நம்பரை அமுக்கி வைத்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது வந்த கோபத்தில் வார்த்தைகள் ஒழுங்காக வரவில்லை. இன்சூரன்ஸ்காரனும் நானும் ஒன்றா என்று கேட்டாள். வீரய்யா தட்டைக் கீழே வைத்தார்.

"நான் சொல்றதக் கேளு. எனக்கு ஒண்ணுமே இல்ல. நான் நல்லாத்தானே…"

பேச்சு நின்றது. அவருடைய கண் அவள் முகத்தின் மேலேயே இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. முகம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்தது. தலை பின்னால் சாய்ந்து, உடம்பு கதிரையிலிருந்து சரிந்து, ரொட்டித் தட்டின் மேல் விழுந்தார். பாலாம்பிகை ஓடி வந்து தூக்கினார். துஷ்யந்தி அப்பாவின் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் கத்தவும் இல்லை. கை அங்கேயே இருந்தது. பிறகு ஒரு துடிப்பு வந்தது. இன்னொன்று வந்தது. வெளுத்த முகம் திடீரென்று சிவந்தது.

வீரய்யா கண்ணைத் திறந்தார்.

"…இருக்கேன்" என்றார்.

விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தார். பிறகுதான் தான் தரையில் கிடப்பதையும் சட்டையில் சம்பல் ஒட்டியிருப்பதையும் கண்டார். மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஏன் என்னையத் தள்ளுனீங்க?" என்றார்.

"நீங்க விழுந்தீங்கப்பா."

"நான் எங்க விழுந்தேன்? பேசிக்கிட்டுத்தானே இருந்தேன்."

"உங்க நெஞ்சு நின்னு போச்சுப்பா. என் கைக்குத் தெரிஞ்சிச்சு."

அவள் சத்தம் போட்டிருந்தால் வீரய்யா எதிர்த்துப் பேசியிருப்பார். அவள் குரல் மெதுவாக இருந்தது. அவர் உடைந்த தேநீர்க் கோப்பையை நினைத்தார். செய்தியில் காணாமல் போன மழையை நினைத்தார். குளியலறைத் தரையை நினைத்தார். பிறகு எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார். "ஆட்டோ ஒண்ணு கூப்பிடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை தாமதிக்கவில்லை. அந்த வோட்டில் திரேசா என்று ஒரு தாதி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரி, கண்டிக்கு வேலை மாறி வந்தவர். போன முறை அவர் லீவில் இருந்தார். வீரய்யாவின் கையில் ஊசிக் குழாயை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர்தான் கேட்டார்.

"ஐயா, போன முறை ஏன் விட்டிட்டுப் போனனீங்கள்?"

வீரய்யா எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு புளொக், கஷாயம், படம், கரைந்து போனது. திரேசா சிரிக்கவில்லை. குழாய்க்கு மேல் பிளாஸ்டரை ஒட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் நின்றார்.

"உங்களுக்குக் குழாயில ஒரு நாளும் அடைப்பு இருக்கேல்லை ஐயா. கரையிறதுக்கும் ஒண்டும் இல்லை. நெஞ்சு அடிக்கிறதுக்கு மேலயிருந்து ஒரு கறண்ட் வரும். அந்தக் கறண்ட் கீழ வாறதிலதான் உங்களுக்குப் பிழை. இடைக்கிடை வராமல் நிண்டு போகுது. அப்ப நெஞ்சும் அடிக்காது, நீங்கள் விழுறீங்கள். மெசின் அந்த நேரம் பார்த்துக் கறண்ட் குடுக்கும். விளங்குதோ?"

"அப்ப உள்ள சாமான் ஒண்ணும் நிக்கலியா?"

"இல்லை."

"எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல?"

"ஒண்டும் இல்லை."

"ரெண்டுன்னாங்களே?"

"செகண்ட் டிகிரி எண்டால் எண்ணிக்கை இல்லை ஐயா. எவ்வளவு மோசம் எண்டதுக்கு ஒரு கணக்கு."

வீரய்யா கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "அப்படின்னா அதுக்கு ஏன் புளொக்குன்னு பேர் வச்சாங்க? அம்ஜத் நானாவுக்கும் அதே பேருதானே?"

"அது நான் வைச்ச பேர் இல்லை ஐயா" என்றார் திரேசா. அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பியவர் நின்று, "எனக்கும் படிக்கேக்க குழப்பமாத்தான் இருந்தது" என்றார்.

மெசினை அடுத்த நாளே வைத்தார்கள். இடது தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. வலி இருந்தது, கையை உயர்த்தக் கூடாது என்றார்கள். தையல் ஆறும் வரை துஷ்யந்தி கட்டுகஸ்தோட்டையிலேயே தங்கினாள். அப்பாவின் போனை வாங்கித் தன் நம்பரைத் தானே திறந்து விட்டாள். ஒரு மாலை வீரய்யா, தலை வாரிக்கொண்டிருந்தவளிடம், "அன்னைக்கு நீ வரலைன்னா நான் கதிரையில இருந்து எந்திரிச்சு ஆத்தங்கரைப் பக்கந்தான் போயிருப்பேன். அங்கன விழுந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். அவள் சீப்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்ஜத் நானா றமீஸாவோடு பார்க்க வந்தார். பெரிய சட்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டு வந்திருந்தார். வீரய்யா திரேசா சொன்னதையெல்லாம் தன்னால் முடிந்தவரை அவருக்குச் சொன்னார். கறண்ட் வயர் என்றார், பல்ப் என்றார். பாதியில் மேல் அறையும் கீழ் அறையும் இடம் மாறிவிட்டன. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்.

அம்ஜத் நானா பொறுமையாகக் கேட்டார். "செரி. அப்ப உங்களுக்கு புளொக் இல்ல."

"இருக்கு. ஆனா அது புளொக் இல்ல."

"இல்லாட்டி எதுக்கு மெசின்?"

வீரய்யா மனைவியைப் பார்த்தார். றமீஸாதான், "அவரு நல்லா ஈக்கிறாரு, அது போதும், சும்மா ஈங்க" என்று கணவனை அடக்கினார். ஆனாலும் அம்ஜத் நானாவின் முகத்திலிருந்து பாரம் இறங்கியிருந்தது. தன்னுடைய கஷாயம் அவருக்கு மட்டும் வேலை செய்து தனக்குச் செய்யாமல் போகவில்லை என்பதே அவருக்குப் பெரிய ஆறுதல். போகும்போது வீரய்யாவின் கையை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேலையில் கான் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சாமான் அறையில் இருக்கிறார், கையுறையும் வாளியும் எடுத்துக் கொடுக்கிறார். விழவில்லை. கோப்பை ஒன்றும் உடையவில்லை. ஆனால் சில காலைகளில் எழும்பியதும், இப்போது அடிப்பது தன் நெஞ்சா மெசினா என்று கையை வைத்துப் பார்ப்பாராம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

மெசினைப் பரிசோதிக்கும் முதல் கிளினிக்குக்குத் துஷ்யந்தி கூட வந்தாள். ஒரு பெண், வட்டமான ஒரு கருவியை அவருடைய தோள் மேட்டின் மேல் வைத்துவிட்டு, மேசையில் இருந்த கம்பியூட்டரில் ஏதோ தட்டினாள். கொஞ்ச நேரம் வித்தியாசமாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னாள். திடீரென்று வீரய்யாவின் நெஞ்சு வேகமாக அடிக்கத் தொடங்கியது. மலையேறி வந்த மாதிரி, யாரோ துரத்துகிற மாதிரி. அவர் கதிரையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் தரையில் சும்மா இருந்தன.

கண்ணை அகல விரித்து மகளைப் பார்த்தார்.

"என்னப்பா? வலிக்குதா?"

"இல்ல. நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?"

"ஆமாப்பா."

"அப்ப யாரு ஓடுறது?"

துஷ்யந்திக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் இன்னொரு தடவை தட்டினாள். நெஞ்சு மெல்ல மெல்ல நடைக்கு வந்தது. வீரய்யா மூச்சை விட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினார். ஒன்றைத் தவறான துளையில் போட்டதைக் கண்டு, மகள் குனிந்து சரிசெய்துவிட்டாள்.